இயல்பும் பிறழ்வும்

நுழையும்முன்

உடலுக்கு நோய் வந்தால் ஊரறியச் சொல்கிறோம். உள்ளத்துக்கு நோய் வந்தால் வீட்டுக்குள்ளேயே மறைத்துவைக்கிறோம். மறைப்பதற்குக் காரணம் அச்சம். அச்சத்துக்குக் காரணம் அறியாமை. மனப்பிறழ்வு என்பது யாது, அதனை உளவியல் எவ்வாறு வரையறுக்கிறது, எவ்வாறு வகைப்படுத்துகிறது, எவ்வாறு விளக்குகிறது என்பவற்றைப் போடிநாயக்கனூர் வட்டார வாழ்க்கையோடு பொருத்தி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற நகரம். மலைச்சரிவுகளில் பறித்து உலர்த்தப்பட்ட ஏலக்காய் இந்நகரத்துக்கு வந்து சேர்ந்ததும், தூசி நீக்கப்பட்டுச் சல்லடையில் இடப்படுகிறது. பருமனுக்கேற்பக் காய்கள் வெவ்வேறு தரங்களாகப் பிரிகின்றன. பின்னர் நிறம் பார்த்து மேலும் பிரிக்கிறார்கள். சல்லடைக் கண்ணின் அளவு மில்லிமீட்டர் கணக்கில் அமைந்திருப்பதால், எந்தக் காய் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதில் பெரிய வழக்கு எழுவதில்லை.

மனித மனத்தைப் பிரித்தறிய இத்தகைய சல்லடை எதுவும் இல்லை. ஆயினும் நாம் நாள்தோறும் மனிதர்களைத் தரம்பிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வேலைக்குச் செல்லாமல் படுத்துக்கிடப்பவரைச் சோம்பேறி என்கிறோம். தனக்குத்தானே பேசுபவரைக் கிறுக்கு என்கிறோம். இரவில் அலறி எழுபவரைக் காற்றுக் கருப்பு அண்டியவர் என்கிறோம். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைத் திறந்துவிடுகின்றன. சோம்பேறி என்ற பெயர் வசைக்கு இட்டுச்செல்கிறது. கிறுக்கு என்ற பெயர் கேலிக்கும் விலக்கலுக்கும் இட்டுச்செல்கிறது. பேய் என்ற பெயர் மந்திரவாதியிடம் அழைத்துச்செல்கிறது. நோய் என்ற பெயர் மட்டுமே மருத்துவரிடம் கொண்டுசேர்க்கிறது. எனவே, ஒருவருடைய துன்பத்துக்கு நாம் எந்தப் பெயரை இடுகிறோம் என்பது அவருடைய வாழ்க்கையையே தீர்மானிக்கக்கூடும். சரியான பெயரைக் கண்டறிவதற்கு உளவியல் மேற்கொண்ட நெடிய முயற்சியே பிறழ்நிலை உளவியல் என்னும் துறையாக வளர்ந்துள்ளது.

வரையறுக்கும் அளவுகோல்கள்

இயல்பு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் பிறழ்வு என்ன என்று கூற இயலும். அச்சம், அழுகை, வெகுளி ஆகியவற்றை உவகையோடும் நகையோடும் ஒரே வரிசையில் வைத்து எட்டு மெய்ப்பாடுகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அழுவதும் அஞ்சுவதும் சினப்பதும் மனித இயல்பின் பகுதிகளே என்பது இதனால் புலனாகும். அவ்வாறாயின், இயல்பான அழுகை எந்த இடத்தில் நோயாகிறது? இவ்வினாவுக்கு விடை காண உளவியலாளர் நான்கு அளவுகோல்களை முன்வைக்கின்றனர்.

முதலாவது, அரிதாக இருத்தல். பெரும்பாலோரிடம் காணப்படாத நடத்தை பிறழ்வானது என்பது இதன் அடிப்படை. ஆனால் இது தனித்து நின்றால் தவறிழைக்கும். கணிதத்தில் பேராற்றல் கொண்ட சிறுமியும் அரிதானவளே. அவளை நோயாளி என்று எவரும் கூறுவதில்லை. மறுபுறம், குடிப்பழக்கத்துக்கு அடிமையாதல் ஓர் ஊரில் பரவலாக இருந்தாலும், பரவலாக இருப்பதாலேயே அது நலமாகிவிடாது.

இரண்டாவது, சமூக நெறியிலிருந்து விலகுதல். இதுவும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது. தேனி மாவட்டத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின்போது அடியவர்கள் அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறார்கள். சிலர் அருள்வந்து ஆடுகிறார்கள். அந்நேரத்தில் தம்மை மறந்த நிலையில் இருக்கிறார்கள். விழா முடிந்ததும் இயல்புநிலைக்குத் திரும்பித் தத்தம் பணிகளைத் தொடர்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு வியப்பாகத் தோன்றும் இந்நிகழ்வை, அப்பண்பாட்டினுள் வாழ்வோர் வழிபாடாகவே காண்கின்றனர். ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டு முறையின் பகுதியாக நிகழும் தன்மறதியை நோயாகக் கொள்ளலாகாது என்று இன்றைய பன்னாட்டு நோய்ப் பகுப்பும் தெளிவாகக் கூறுகிறது. அதே தன்மறதி, விழாவுமின்றி விருப்பமுமின்றி மீண்டும் மீண்டும் ஏற்பட்டு ஒருவருடைய வாழ்வைக் குலைக்குமாயின் அப்போது அது கவனத்துக்குரியதாகிறது.

சமூக நெறியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பெரும் அநீதி விளையக்கூடும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நெடுங்காலம் நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. 1973ஆம் ஆண்டில்தான் அதனை நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் அவ்வாறே நீக்கியது. அம்மனிதர்களிடம் எந்த மாற்றமும் நிகழவில்லை. அவர்களை அளந்த கோல்தான் திருத்தப்பட்டது.

மூன்றாவது, துயரம். ஒருவர் தம் மனநிலையால் தாங்கவியலாத வேதனை அடைகிறாரா என்று இவ்வளவுகோல் நோக்குகிறது. ஆயினும் எல்லாத் துயரமும் நோயாகாது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள குரங்கணி மலைப்பகுதியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தோர் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய பேரிடரை எதிர்கொண்டவர்களுக்கும், மீட்கச் சென்றவர்களுக்கும், உறவினரை இழந்தவர்களுக்கும் சில வாரங்கள் உறக்கம் வராதிருப்பதும் புகை நாற்றம் பட்டால் நெஞ்சு பதறுவதும் இயற்கை. பெரும்பாலோருக்கு நாள்கள் செல்லச் செல்ல இப்பதற்றம் தணிகிறது. அவ்வாறு தணியாமல், அந்நிகழ்வு கண்முன் மீண்டும் நிகழ்வதுபோலத் தோன்றி, அதனை நினைவூட்டும் இடங்களையெல்லாம் தவிர்த்து, எந்நேரமும் விழிப்பும் திடுக்கிடலுமாக ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், உளமருத்துவர் அதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று ஐயுறுவர். துயரத்தின் இருப்பைக் காட்டிலும் அதன் கால அளவும் கடுமையும் இங்கே முக்கியமாகின்றன.

நான்காவது, செயற்குலைவு. உண்ணுதல், உறங்குதல், குளித்தல், கற்றல், தொழில் செய்தல், உறவு பேணுதல் ஆகிய அன்றாடச் செயல்களை மனநிலை தடுக்கிறதா என்று இது வினவுகிறது. நான்கனுள் நடைமுறையில் மிகுதியும் பயன்படுவது இதுவே. நேற்றுவரை செய்துவந்த செயலை இன்று ஒருவரால் செய்ய இயலவில்லை என்பது, மற்றவருடன் ஒப்பிடாமல் அவரை அவரோடே ஒப்பிட்டு அறியப்படுவதாகும்.

தமக்கோ பிறர்க்கோ ஊறு விளைவிக்கும் அபாயத்தையும் சிலர் ஐந்தாவது அளவுகோலாகக் கூறுவர். இதனைக் கருத்தோடு கையாள வேண்டும். மனநோயுற்றோரில் பெரும்பாலோர் வன்முறையில் ஈடுபடுவதில்லை. அவர்களே பிறருடைய வன்முறைக்கு உள்ளாகும் நிகழ்வுகள் மிகுதி. திரைப்படங்கள் காட்டும் கொடூர மனநோயாளி என்ற உருவம் உண்மைக்கு வெகு தொலைவில் உள்ளது.

இவ்வளவுகோல்களுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிக்க வல்லதன்று. ஒருவருடைய எண்ணத்திலோ உணர்விலோ நடத்தையிலோ குறிப்பிடத்தக்க குலைவு ஏற்பட்டு, அது துயரத்தையோ செயற்குலைவையோ விளைவித்து, அவருடைய பண்பாட்டுச் சூழலைக் கொண்டு விளக்க இயலாததாகவும் இருக்குமாயின் அதனை மனப்பிறழ்வு எனலாம். இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய உளவியலின் வரையறை முறை.

வகைப்படுத்தும் முறைகள்

நோய்களை வகைப்படுத்தும் வழக்கம் தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று. மனநோய்களைக் கிரிகை என்னும் பெயரால் சுட்டும் சித்த மருத்துவம், அவற்றைப் பதினெட்டு வகையாகப் பகுத்துரைக்கிறது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலைக் குலைவே அவற்றுக்கு அடிப்படை என்று அம்மரபு கருதியது. பித்து என்னும் சொல்லும் இம்மருத்துவக் கருத்தோடு உறவுடையது. இறைவனையே பித்தன் என்று அன்போடு விளித்த பக்தி மரபு நம்முடையது. அச்சொல் வசையாகத் தேய்ந்தது நம் வழக்கில் நேர்ந்த இழப்பு.

மேலைநாட்டில் செருமானிய மருத்துவர் எமில் கிரேப்லின், நோயாளிகளின் அறிகுறிகளை மட்டும் நோக்காமல் அவர்களுடைய நோய் ஆண்டுக்கணக்கில் எவ்வாறு வளர்ந்து செல்கிறது என்பதையும் குறித்துவைத்து ஆராய்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடும் மனநோய்களை இரு பெரும் பிரிவுகளாக அவர் பகுத்தார். அவற்றுள் ஒன்றுக்குச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908இல் இட்ட பெயரே, தமிழில் மனச்சிதைவு என வழங்கும் நோயின் இன்றைய பன்னாட்டுப் பெயராகும்.

இன்று உலகில் இரு பகுப்பு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, உலகச் சுகாதார நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு நோய்ப் பகுப்பு. உடல்நோய்கள் அனைத்தையும் உள்ளடக்கிய இதன் ஓர் இயல் மனநோய்களுக்குரியது. இதன் பதினோராம் திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு. 1952இல் முதன்முதலாக வெளிவந்த இக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வெளியானது. இவற்றில் காணப்படும் முதன்மையான பிரிவுகள் சிலவற்றைக் காண்போம்.

மனச்சோர்வு நோயில், நாளின் பெரும்பகுதியும் சோகமோ எதிலும் நாட்டமின்மையோ குறைந்தது இரு வாரங்களேனும் நீடிக்கும். உறக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவை குன்றும். இருதுருவ மனநோயில் மனச்சோர்வோடு அதற்கு எதிரான அளவுகடந்த எழுச்சியும் மாறிமாறித் தோன்றும். பதற்றக் கோளாறுகளில் அச்சம் அதற்குரிய காரணத்தினும் பன்மடங்கு பெரிதாகும். எண்ணச் சுழற்சி நோயில் வேண்டாத எண்ணம் மீண்டும் மீண்டும் எழும். கை கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல் போன்ற செயல்களை அவர் திரும்பத் திரும்பச் செய்வார். மனச்சிதைவில் பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்கும். சான்றுகளால் அசைக்கவியலாத பொய்நம்பிக்கைகள் தோன்றும். சிந்தனைத் தொடர்ச்சி சிதறும். போதைப்பொருள் சார்ந்த கோளாறுகள், முதுமை மறதி, குழந்தைப் பருவத்து வளர்ச்சிக் கோளாறுகள் ஆகியவையும் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன.

தெரிந்து தெளிவோம்

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல. முன்னது வளரும் பருவத்திலேயே தொடங்குவது. கற்றலிலும் வாழ்வியல் திறன்களிலும் வளர்ச்சி குன்றியிருப்பது. பின்னது எவ்வயதிலும் எவர்க்கும் தோன்றக்கூடியது. பல நேர்வுகளில் மருத்துவத்தால் தணியக்கூடியது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வரையறுக்கிறது.

வகைப்படுத்துவதால் விளையும் பயன்கள் பல. போடிநாயக்கனூரில் ஒரு மருத்துவர் எழுதும் நோயின் பெயரைச் சென்னையில் உள்ள மருத்துவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ள முடிகிறது. எந்த நோய்க்கு எந்த மருத்துவம் பயன்தரும் என்று ஆராய முடிகிறது. தன் துன்பத்துக்கு ஒரு பெயர் உண்டு, தன்னைப்போல் பலர் உண்டு என்று அறிவதே நோயாளிக்குப் பேராறுதலாகிறது.

வரம்புகளும் உண்டு. ஏலக்காய்ச் சல்லடையில் காய் மேலே நிற்கும் அல்லது கீழே விழும். மனநோய்களிலோ ஒரே மனிதரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கலந்து காணப்படலாம். நலத்துக்கும் நோய்க்கும் இடையே படிப்படியான சரிவே உள்ளது. மேலும், நோய்க்கு இட்ட பெயர் மனிதருக்கே பெயராகிவிடும் அபாயம் உண்டு. மனச்சிதைவுக்காரர் என்று ஒருவரைச் சுட்டும்போது, அவர் தந்தை, தொழிலாளி, பாடகர், நண்பர் என்பவையெல்லாம் மறைந்துவிடுகின்றன. மனச்சிதைவு உள்ளவர் என்று கூறுவதே தகும். வகைப்பாடு நோய்களுக்குரியது, மனிதர்களுக்குரியதன்று.

காரணங்களை விளக்குதல்

பெயரிட்டபின் எழும் வினா, இந்நோய் ஏன் வந்தது என்பது. இதனை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். போடிநாயக்கனூரை அடுத்த சிற்றூரில் வாழும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைமேலுள்ள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புபவர். இரு மாதங்களாக அவரால் காலையில் எழ இயலவில்லை. உணவில் விருப்பமில்லை, உறக்கமில்லை, தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்று அழுகிறார். வீட்டார் அவரைச் சோம்பலுற்றவர் என்று கடிந்துகொள்கின்றனர். உளவியலின் வெவ்வேறு பள்ளிகள் இவரை எவ்வாறு நோக்கும்?

உயிரியல் நோக்கினர் முதலில் உடலைப் பார்ப்பர். மூளை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள், மரபணுக்கள், சுரப்பிகள் ஆகியவற்றில் காரணம் தேடுவர். தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் இதே சோர்வு தோன்றும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்வர். தோட்டத்தில் தெளிக்கும் சிலவகைப் பூச்சிக்கொல்லிகள் உடலில் ஏறினாலும் குழப்பமும் பதற்றமும் உண்டாகலாம் என்பதால், நல்ல மருத்துவர் அவருடைய தொழிலையும் கேட்டறிவார். 1950களில் மனநோய்க்கான மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தபின் இந்நோக்கு பெரும் வலிமை பெற்றது.

உளப்பகுப்பாய்வு நோக்கினர், சிக்மண்ட் பிராய்டைப் பின்பற்றி, இளமைக்கால அனுபவங்களையும் நனவிலி மனத்தில் அழுத்தப்பட்ட முரண்களையும் ஆராய்வர். எப்போதோ நேர்ந்த ஓர் இழப்பு உரிய முறையில் துக்கப்படாமல் உள்ளே தங்கியிருக்கலாம் என்பர்.

நடத்தை நோக்கினர், நடத்தை கற்கப்படுவது என்பர். வேலைக்குச் செல்லாததால் கூலியும் தோழியர் பேச்சும் இல்லாமற்போகின்றன. மகிழ்ச்சி தருவன குறையக் குறையச் செயலும் குறைகிறது. செயல் குறையக் குறையச் சோர்வு பெருகுகிறது. இச்சுழலை உடைக்கச் சிறுசிறு செயல்களில் மீண்டும் ஈடுபடுத்துவர்.

அறிதல் நோக்கினர், ஆரன் பெக் என்னும் அமெரிக்க உளமருத்துவரின் வழியில், எண்ணத்தின் வளைவை நோக்குவர். தான் பயனற்றவள், உலகம் இரக்கமற்றது, எதிர்காலம் இருண்டது என்னும் மூன்று எண்ணங்கள் மனச்சோர்வைப் பேணி வளர்க்கின்றன என்று பெக் விளக்கினார். அவ்வெண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்றுகளோடு சோதித்துப் பார்க்க நோயாளிக்குக் கற்பிப்பதே இச்சிகிச்சையின் அடிப்படை.

சமூக நோக்கினர் வீட்டையும் ஊரையும் பார்ப்பர். கடன், கணவரின் குடி, விலைவீழ்ச்சியால் குறைந்த வேலைநாள்கள், பெண் என்பதால் சுமக்கும் இரட்டைப் பணி, பேசுவதற்கு ஆளின்மை ஆகியன நோய்க்கு விளைநிலமாகின்றன என்பர்.

இவற்றுள் எது சரி? ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதியைக் காண்கிறது. 1977ஆம் ஆண்டில் ஜார்ஜ் எங்கல் என்னும் மருத்துவர், உடல், உளம், சமூகம் மூன்றையும் இணைத்து நோக்கும் முறையை முன்வைத்தார். இன்று பெருவழக்கிலுள்ளது இவ்விணைந்த நோக்கே. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது, ஏதுநிலையும் அழுத்தமும் பற்றிய கோட்பாடு. ஏலச்செடி மரநிழலில் வளர்வது. நிழல் அகன்று வெயில் நேரடியாக விழுந்தால் வாடுவது. ஆயினும் ஒரே வறட்சியில் எல்லாச் செடிகளும் ஒருசேரக் கருகுவதில்லை. வேரின் உறுதி, மண்ணின் ஈரம், எஞ்சியிருக்கும் நிழல் ஆகியவற்றைப் பொறுத்துச் சில வாடுகின்றன, சில பிழைக்கின்றன. அவ்வாறே, பிறப்பாலும் வளர்ப்பாலும் அமைந்த ஏதுநிலையோடு வாழ்க்கையின் அழுத்தம் சேரும்போது நோய் தோன்றுகிறது. வாடிய செடியை எவரும் குறைகூறுவதில்லை. நிழலையும் நீரையும் மீட்டுத்தரவே முயல்வர். மனநோய் ஒருவருடைய குணக்கேடோ மனவுறுதியின்மையோ முன்வினைப் பயனோ அன்று என்பதை இக்கோட்பாடு தெளிவாக்குகிறது.

தவறான பெயரின் விலை

மனநோயை நோயாக ஏற்காத சமூகம் எத்தகைய விலையைக் கொடுக்கிறது என்பதற்கு ஏர்வாடி சான்றாகும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு மனநோயுற்றோரை அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அவர்களைத் தங்கவைக்கத் தனியார் காப்பகங்கள் பல தோன்றின. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்றின் கூரைக்கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் இதனைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தினர் பலரும் கொடியவர்களல்லர். வேறு எங்கே செல்வது என்று அறியாதவர்கள். அருகில் மருத்துவம் இல்லாதவர்கள்.

சட்டத்தின் சொற்களும் மெல்ல மாறிவந்துள்ளன. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே பைத்தியம் என்னும் பொருள்படும் சொல் இருந்தது. அதற்கு மாற்றாக 1987இல் மனநலச் சட்டமும், பின்னர் 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. இப்போதைய சட்டம், மனநோயுற்றவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவருடைய உரிமையாக்குகிறது. நம் பாடப்பொருளுக்கு மிக நெருக்கமான விதி ஒன்றும் அதில் உண்டு. நாட்டளவிலோ பன்னாட்டளவிலோ ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே மனநோயை உறுதிசெய்ய வேண்டும். ஒருவருடைய அரசியல், பொருளியல், சமூக நிலையையோ, சமயத்தையோ, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு விழுமியங்களுக்கு அவர் இணங்காமையையோ கொண்டு அவரை மனநோயாளி என்று முடிவுசெய்யலாகாது என்கிறது அவ்விதி. வரையறை பற்றிய உளவியலாளரின் நெடிய விவாதம் இங்கே குடிமக்களைக் காக்கும் சட்டமாக உருப்பெற்றுள்ளது.

தமிழகத்தில் மனநல மருத்துவத்தின் வரலாறு பழையது. 1794ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட மனநோயாளர் இல்லமே வளர்ந்து இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமாயிற்று. இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். மருந்தளித்து அனுப்புவதோடு பணி முடிவதில்லை. தொழிலும் உறவும் மதிப்பும் மீட்டளிக்கப்பட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஓய்வுபெற்றபின் 1984இல், மனச்சிதைவு நோயாளரின் மறுவாழ்வுக்கும் ஆராய்ச்சிக்கும் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார்.

ஆயினும் செல்ல வேண்டிய தொலைவு மிகுதி. பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு உள்ளாகியிருந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் எந்த மருத்துவத்தையும் பெறவில்லை என்பதையும் அவ்வாய்வு வெளிப்படுத்தியது. ஒரு வகுப்பறையில் ஐம்பது மாணவர் இருப்பின், அவர்தம் குடும்பங்களுள் பலவற்றில் இத்துன்பம் பேசப்படாமல் இருக்கக்கூடும் என்பதே இவ்வெண்ணிக்கையின் பொருள்.

நம் கையில் உள்ளவை

மருத்துவம் மக்களிருக்கும் இடத்துக்கே வரவேண்டும் என்னும் நோக்கில் 1982இல் தேசிய மனநலத் திட்டமும், அதன் பகுதியாக 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. மலைச்சரிவில் வாழும் ஒருவர் மனநல மருத்துவத்துக்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டிய தேவை இன்று இல்லை. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அவர் அணுகலாம். பயணமும் இயலாதபோது, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கருதி, அவருக்குப் பராமரிப்பு அளிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கடமையாக்கியுள்ளது. எனவே உதவி கேட்பதற்கு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

மனநோய்களுள் ஏறத்தாழப் பாதி பதினெட்டு வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இப்பாடம் மாணவர்களுக்கு நேரடியாக உரியது. உடன் பயிலும் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, விரும்பிய விளையாட்டை விட்டுவிட்டாலோ, படிப்பில் திடீரெனப் பின்தங்கினாலோ, அவருக்கு நோயின் பெயரைச் சூட்டும் பணி நம்முடையதன்று. அது பயிற்சி பெற்ற மருத்துவரின் பணி. அவர் அருகில் அமர்ந்து, அறிவுரை கூறாமல் கேட்பதும், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ அவரை அழைத்துச்செல்வதும் நம்மால் இயலும். கிறுக்கு, பைத்தியம், மெண்டல் என்னும் சொற்களை வகுப்பறையிலும் விளையாட்டுத்திடலிலும் வசையாக வழங்காதிருப்பதும் இயலும். தன் துன்பத்தை வெளியே சொன்னால் இப்பெயர் கிடைக்கும் என்ற அச்சமே பலரை வாய்திறவாமல் தடுக்கிறது. அந்த அச்சம் அகலும் இடத்தில் மருத்துவம் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மனநலம் குன்றியோரைச் சுட்டும் வட்டாரச் சொற்களைத் திரட்டுக. அவற்றுள் மதிப்புக் குறைவானவற்றுக்கு மாற்றான சொற்களை உருவாக்கி வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. துயரமும் மனச்சோர்வு நோயும் வேறுபடும் இடங்களைக் கால அளவு, கடுமை, செயற்குலைவு ஆகிய மூன்றின் அடிப்படையில் அட்டவணைப்படுத்துக.

3. கட்டுரையில் வரும் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்தாருக்கு, அவருடைய நிலையை விளக்கி மருத்துவ உதவி பெறுமாறு வேண்டும் கடிதம் ஒன்று எழுதுக.